ஓடிஜியில் பொங்கி எழும் ஜெர்மன் பான்கேக்: நம்மூர் முட்டைக்கும் நம்மூர் சட்டிக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

பூரி உப்புவதற்குச் சோடா உப்பு தேவையில்லை. கொதிக்கும் எண்ணெயில் விழுந்ததும் மாவுக்குள் இருக்கும் தண்ணீர் சட்டென்று ஆவியாகிறது, அந்த ஆவி மேல்தோலைத் தள்ளிக்கொண்டு எழுகிறது. ஜெர்மன் பான்கேக் பொங்குவதும் இதே வேலையால்தான். பேக்கிங் பவுடர் இல்லை, ஈஸ்ட் இல்லை, புளிக்கவைப்பது இல்லை. முட்டை, மைதா, பால் மூன்றையும் தண்ணியாகக் கரைத்து, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் வெண்ணெய் மேல் ஊற்றி, ஓவன் கதவைச் சாத்திவிட்டால் 20 நிமிடத்தில் ஓரங்கள் அரைச் சாண் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எழுந்து நிற்கும். நடுவில் மென்மையான குழி, ஓரத்தில் மொறுமொறுப்பு.

கடலூரிலும் புதுச்சேரியிலும் ஓடிஜி (மேசை மேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) வைத்திருக்கும் பலர் இதை முதல் தடவை செய்யும்போது பொங்காமல் தட்டையான முட்டை அடைதான் கிடைக்கிறது. கைப்பக்குவத்தில் குறை இல்லை. பெரும்பாலான குறிப்புகள் அமெரிக்க முட்டையையும் பெரிய அமெரிக்க ஓவனையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம்மூர் முட்டை சின்னது, நம் ஓடிஜி சின்னது, கதவைத் திறந்தால் சூடு பறந்துவிடும். இந்த மூன்றையும் கணக்கில் எடுத்தால் பான்கேக் ஒவ்வொரு தடவையும் பொங்கும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியில் சாதாரணமாக பான்கேக் (அவர்கள் சொல்லில் ‘ஃபான்கூகன்’) என்றால் அடுப்பில் தவாவில் ஊற்றும் மெல்லிய பண்டம். பெர்லினில் அதே சொல்லுக்கு ஜாம் வைத்துப் பொரித்த உருண்டை என்று அர்த்தம். ஓவனில் பொங்கும் இந்த வடிவம் பேர் வாங்கியது அமெரிக்காவில். அங்கே இதற்கு ‘டச்சு பேபி’ என்றும் பெயர். ஜெர்மன் என்பதற்கான ‘டாய்ச்’ என்ற சொல் மருவி ‘டச்சு’ ஆனது என்பார்கள். சியாட்டில் நகரத்தின் மான்காஸ் உணவகத்தோடு இந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஹாலந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதுச்சேரியில் கிரெப் என்ற மெல்லிய பிரெஞ்சு தோசையைச் சாப்பிட்டவர்களுக்கு ருசி பழக்கமானதாகவே இருக்கும், ஏனென்றால் மாவு ஏறக்குறைய அதேதான். எக்ளேர் என்ற பிரெஞ்சுப் பலகாரத்தின் வெற்று வயிறு உருவாவதும் இதே ஆவியால்தான்.

அளவு: எண்ணிக்கையை விடுங்கள், எடை போடுங்கள்

25 செ.மீ. (10 அங்குல) சட்டிக்கு, இரண்டு மூன்று பேர் சாப்பிட:

முட்டை, ஓடு நீக்கி 150 கிராம்
மைதா 65 கிராம்
பால் 120 மி.லி.
உப்பில்லாத வெண்ணெய் 40 கிராம்
சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி
உப்பு கால் தேக்கரண்டி
வெனிலா எசன்ஸ் அரை தேக்கரண்டி
ஒரு எலுமிச்சையின் மேல்தோல் துருவல்

இதில் முக்கியமானது முட்டையின் எடை. வெளிநாட்டுக் குறிப்பில் ‘மூன்று பெரிய முட்டை’ என்றால் ஓடு போக 150 கிராம். நாமக்கல்லிலிருந்து வந்து நம் மளிகைக் கடையில் அடுக்கியிருக்கும் முட்டையை உடைத்து எடை போட்டால் பெரும்பாலும் 42 முதல் 48 கிராம்தான் இருக்கும். மூன்றை உடைத்தால் 130 கிராம் பக்கம்தான் வரும். அந்தக் குறைவு சின்னதாகத் தெரியும், ஆனால் பொங்கும் சுவரைத் தாங்கி நிறுத்துவது முட்டைதான். அது குறைந்தால் சுவர் எழுந்து பாதியில் படுத்துவிடும். அதனால் மூன்றை உடைத்து எடை பாருங்கள். குறைந்தால் நாலாவது முட்டையைத் தனியாக அடித்து, தேவையானதை மட்டும் கரண்டியால் சேருங்கள். நாலு முட்டையையும் முழுதாகப் போட வேண்டுமென்றால் மைதாவை 75 கிராமும் பாலை 140 மி.லி.யும் ஆக்கிக்கொள்ளலாம்.

தராசு இல்லையென்றால் 240 மி.லி. கப்பில் அரை கப் மைதா, அரை கப் பால். மைதாவைக் கரண்டியால் அள்ளிக் கப்பில் போட்டு மேலே வழித்துவிடுங்கள். டப்பாவுக்குள் கப்பை விட்டு அமுக்கி எடுத்தால் 65 கிராம் 80 கிராமாகிவிடும். மாவு கெட்டியாகும், பொங்காது.

பால் 3 முதல் 4.5 சதவீதம் கொழுப்பு உள்ளதாக இருந்தால் போதும். ஆவின் ஆனாலும் பாண்லே ஆனாலும் சரி. காய்ச்சி ஆறிய பாலையே ஊற்றலாம், ஆடையை எடுத்துவிடுங்கள். 6 சதவீதக் கொழுப்புப் பாலில் செய்தால் ருசி கூடும், உயரம் குறையும். உப்பு வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறது என்றால் மாவில் உப்பே போடாதீர்கள். நெய்யும் நன்றாகவே வேலை செய்யும். கருகும் பயம் குறைவு, அளவு 30 கிராம் போதும்.

கோதுமை மாவு சேர்க்க விரும்பினால் மைதாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். தவிடு சுவரைக் கிழித்துவிடும். முட்டை இல்லாமல் இதைச் செய்ய வழி இல்லை. வாழைப்பழம், தயிர் என்று எதைப் போட்டாலும் அது வேறு பலகாரம்.

சட்டி

வார்ப்பிரும்புச் சட்டிக்கு நிகர் கிடையாது. கனமாக இருப்பதால் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மாவு விழுந்ததும் சட்டி ஆறிப்போகாது. நம் வீட்டில் இருக்கும் தட்டையான அடியுள்ள இரும்பு வாணலியும் போதும், விளிம்பு 4 அல்லது 5 செ.மீ. உயரம் இருந்தால் நல்லது. வாங்குவதற்கு முன் ஓடிஜியின் உள்ளளவை டேப் வைத்து அளந்துவிடுங்கள். 28 லிட்டர் ஓடிஜிக்குள் 25 செ.மீ. வட்டம் போகும், ஆனால் நீளமான கைப்பிடியோடு சேர்ந்தால் கதவு மூடாது. அந்த அளவுக்கு இரண்டு சின்னக் காது வைத்த சட்டி அல்லது 20 செ.மீ. சட்டிதான் ஒத்துவரும். மரக் கைப்பிடி, பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள எதையும் உள்ளே விடாதீர்கள்.

20 செ.மீ. சட்டிக்கு முட்டை 100 கிராம், மைதா 45 கிராம், பால் 80 மி.லி., வெண்ணெய் 25 கிராம், 16 முதல் 18 நிமிடம்.

இரும்புச் சட்டி இல்லாதவர்கள் அலுமினியக் கேக் டின்னில் செய்யலாம். அடி கொஞ்சம் வெளுப்பாக இருக்கும், மற்றபடி பொங்கும். நான்ஸ்டிக் பாத்திரத்தைக் காலியாக 220 டிகிரியில் காயவைப்பது சரியில்லை, தவிர்த்துவிடுங்கள். கண்ணாடிப் பாத்திரம் வேண்டவே வேண்டாம்: கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த மாவை ஊற்றினால் விரிசல் விடலாம், வெடிக்கவும் செய்யலாம்.

புதிய சட்டி என்றால் தோசைக்கல்லைப் பழக்குவது போலப் பழக்கிவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். பழகாத இரும்பில் முட்டை மாவு அப்பிக்கொண்டு கிளம்பாது.

மாவு கரைப்பது

பிரிட்ஜில் இருந்து எடுத்த முட்டையையும் பாலையும் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். அவசரமென்றால் முட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் 5 நிமிடம் போட்டு எடுக்கலாம். சில்லென்ற மாவு சட்டியின் சூட்டைத் தின்றுவிடும்.

மிக்ஸி இதற்கு அருமையான கருவி. முதலில் முட்டையை மட்டும் 20 விநாடி ஓட்டி நுரைக்கவிடுங்கள். பிறகு பால், சர்க்கரை, உப்பு, வெனிலா, கடைசியாக மைதா. இன்னும் 15 விநாடி. மூடியைத் திறந்து ஓரத்தில் ஒட்டிய மைதாவை வழித்துவிட்டு ஐந்து விநாடி மட்டும் மறுபடி ஓட்டுங்கள். எலுமிச்சைத் துருவலைக் கையால் கலந்தால் போதும். கையால் அடிப்பதாக இருந்தால் முட்டையோடு மைதாவைச் சேர்த்துக் கட்டியில்லாமல் குழைத்த பிறகு பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பால் முழுவதையும் முதலில் ஊற்றினால் கட்டி உடையாது.

பதம்: ரவா தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டி, சாதா தோசை மாவை விட நல்ல தண்ணி. கரண்டியைத் தூக்கினால் நூல் போல விடாமல் ஒழுக வேண்டும், சொட்டுச் சொட்டாக விழக் கூடாது.

இந்த மாவை 15 நிமிடம் அப்படியே விடுங்கள். மைதா பாலைக் குடித்து ஊறும், மிக்ஸி அடித்த பெரிய குமிழிகள் அடங்கும். வெயில் காலத்தில் வெளியே அரை மணிக்கு மேல் வைக்கக் கூடாது, பச்சை முட்டை இருக்கிறது. ஊற்றுவதற்கு முன் ஒரு தடவை கலக்குங்கள். மைதா அடியில் தங்கியிருக்கும்.

ஓவனைக் காயவைப்பது

மாவு ஊறும் அந்த 15 நிமிடத்தில்தான் ஓவனும் காய வேண்டும். கம்பித் தட்டைக் கீழிருந்து முதல் அல்லது இரண்டாவது படியில் வையுங்கள். சட்டியின் விளிம்புக்கும் மேல் கம்பிச் சுருளுக்கும் இடையே குறைந்தது 10 செ.மீ. இடைவெளி வேண்டும். இல்லையென்றால் எழும் ஓரம் சுருளைத் தொட்டுக் கருகிவிடும்.

காலிச் சட்டியை உள்ளே வைத்து, மேல் கீழ் இரண்டு சுருளையும் போட்டு, 230 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம். ஓடிஜியின் விளக்கு அணைந்ததை நம்பி இறங்காதீர்கள். காற்று சூடாகியிருக்கும், இரும்பு சூடாகியிருக்காது. சின்ன ஓடிஜி வைத்திருப்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் வழி வேறு: சட்டியை காஸ் அடுப்பில் மிதமான தீயில் 3, 4 நிமிடம் காயவைத்து, பிறகு காய்ந்த ஓவனுக்குள் 5 நிமிடம் வையுங்கள். நேரமும் மிச்சம், சூடும் நிச்சயம்.

டயலில் 220 என்று இருப்பது உள்ளே 200 ஆகவும் இருக்கலாம். ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே தொங்கவிட்டு ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டால் கேக்குக்கும் சேர்த்துப் பயன்படும். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள், அது 220 வரை போகுமா என்று முதலில் பாருங்கள். சில மாடல்கள் 200 டிகிரியோடு நின்றுவிடும். அதிலும் பொங்கும், உயரம் குறைவு, நேரம் 4 நிமிடம் கூடும். கன்வெக்‌ஷன் முறையில் மட்டுமே இரும்புச் சட்டி. மைக்ரோவேவ் முறையில் கூடாது.

1500 வாட் ஓடிஜிக்கு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் வேண்டும், எக்ஸ்டென்ஷன் ஒயரில் சொருகாதீர்கள். காயவைப்பதும் சுடுவதும் சேர்த்து ஒரு யூனிட்டுக்குள்தான் கரண்ட் ஆகும்.

ஊற்றும் அரை நிமிடம்

எல்லாமே இங்கேதான் இருக்கிறது. மாவைப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். காய்ந்த, தடித்த துணி கையில் இருக்கட்டும். ஈரத் துணியால் இரும்பைப் பிடித்தால் அந்த ஈரமே ஆவியாகிக் கையைச் சுடும்.

கதவைத் திறந்து வெண்ணெயைச் சட்டியில் போட்டுச் சாத்துங்கள். ஒன்றரை நிமிடம். வெண்ணெய் உருகி, முதலில் பெரிய நுரையாகக் கத்தும், பிறகு நுரை அடங்கி, முந்திரி வறுபடும் வாசனை எழும். அந்த வாசனைதான் அடையாளம். அதற்கு மேல் விட்டால் அடியில் கறுப்புத் துகள் தெரியும், கசக்கும். துடைத்துவிட்டுப் புது வெண்ணெய் போடுவதைத் தவிர வழியில்லை.

சட்டியை வெளியே எடுத்து, வெண்ணெய் ஓரங்களில் ஏறும்படி ஒரு சுற்றுச் சுற்றி, மாவு முழுவதையும் நடுவில் ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். ‘சுர்ர்’ என்று சத்தம் வர வேண்டும், ஓரத்தில் மாவு உடனே வெளுத்துக் கெட்டியாக வேண்டும். வெண்ணெய் மாவின் மேல் ஏறி ஓரமாகக் குளம் கட்டும். அது சரிதான், கலக்காதீர்கள், கரண்டி போடாதீர்கள். உடனே உள்ளே, கதவு சாத்து. திறந்ததில் இருந்து சாத்தும் வரை 20 விநாடிக்குள் முடித்துவிடுங்கள். டயலை 220க்கு இறக்குங்கள்.

இனி 18 நிமிடத்துக்குக் கதவைத் தொடக் கூடாது. கண்ணாடி வழியாகப் பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஓரம் மெல்லச் சுருண்டு விளிம்பைப் பிடித்து ஏறும். எட்டாவது, ஒன்பதாவது நிமிடத்தில் நடுப்பகுதி மூச்சு விடுவது போல மேடும் பள்ளமுமாகத் தூக்கும். பன்னிரண்டில் ஒரு பக்கம் மலை போலவும் மறுபக்கம் மேடாகவும் இருக்கும். ஒரே சீராக எழ வேண்டிய அவசியமே இல்லை, இதன் அழகே கோணலாக எழுவதுதான். மேல்பகுதி 12 நிமிடத்திலேயே சிவந்துவிட்டால் கதவைத் திறக்காமல் வெளியே உள்ள குமிழைத் திருப்பிக் கீழ்ச் சுருளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

18 நிமிடத்தில் ஓரம் நன்றாக வறுத்த அப்பளத்தின் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். பொன்மஞ்சளாக மட்டும் இருந்தால் இன்னும் 2 நிமிடம். வெளுப்பாக எடுத்தால் சுவர் ஈரமாக இருக்கும், உடனே மடியும்.

நடுவில் கரண்ட் போய்விட்டால் பதற வேண்டாம். கதவைத் திறக்காமல் விடுங்கள். 12 நிமிடம் தாண்டியிருந்தால் உள்சூட்டிலேயே வெந்துவிடும், உயரம் மட்டும் குறையும். முதல் 6 நிமிடத்துக்குள் போனால் பொங்காது. தவாவில் போட்டு இரண்டு பக்கமும் சுட்டு இனிப்புத் தோசையாகச் சாப்பிட்டுவிடலாம்.

வெளியே எடுத்ததும் ஒரு நிமிடத்தில் அமுங்கும். ஆறிய பூரி அமுங்குவது போலத்தான்: உள்ளே இருந்த ஆவி தண்ணீராகிவிட்டது. பான்கேக்கில் பழுது இல்லை. படம் எடுக்க வேண்டுமானால் தட்டு, மேசை எல்லாம் முன்பே தயாராக இருக்கட்டும்.

என்ன தவறுகிறது, ஏன்

பொங்கவே இல்லை: பத்தில் எட்டுத் தடவை சட்டி காயாததுதான் காரணம். ஊற்றும்போது சத்தம் வரவில்லையென்றால் அப்போதே தெரிந்துவிடும். அடுத்தது மாவு கெட்டி, அதற்கடுத்தது சட்டி பெரிது. மாவு சட்டியில் மிக மெல்லியதாகப் பரவினால் எழும்ப ஆவி போதாது.

எழுந்து பாதியில் விழுந்தது: கதவு திறக்கப்பட்டது, அல்லது முட்டை குறைவு.

நடுவில் கொழகொழ: கொஞ்சம் கஸ்டர்டு போல மெத்தென்று இருப்பது இயல்பு. ஆனால் மஞ்சள் திரவம் ஓடினால் வேகவில்லை. கீழ்ச் சுருளில் 3 நிமிடம் கூடுதலாக வையுங்கள்.

ரப்பர் மாதிரி இழுக்கிறது: மைதா கூடிவிட்டது, அல்லது மாவை மிக்ஸியில் நிமிடக்கணக்கில் ஓட்டியிருப்பீர்கள்.

முட்டைக் கவுச்சி: நம் வீடுகளில் இதுதான் முதல் புகார். எலுமிச்சைத் துருவலும் வெனிலாவும் பாதியைத் தீர்க்கும். மீதி, சரியாகச் சிவக்க விட்டால் போய்விடும். இரண்டு ஏலக்காயைப் பொடித்துப் போடலாம், ஒரு சிட்டிகை ஜாதிக்காய் இன்னும் நல்லது.

மேலே என்ன போடுவது

முதல் தடவை எலுமிச்சைச் சாறும் பொடித்த சர்க்கரையும் மட்டும் போடுங்கள். ருசி தெளிவாகத் தெரியும். கடைச் சர்க்கரைப் பொடி கடற்கரை ஊர் ஈரக்காற்றில் டப்பாவுக்குள்ளேயே கட்டி பிடித்துவிடும். நாலு கரண்டி சர்க்கரையோடு அரை கரண்டி சோளமாவு சேர்த்து அப்போதே மிக்ஸியில் பொடித்து, வடிகட்டியில் தட்டித் தூவுங்கள்.

இரண்டாவது தடவை பண்ருட்டிப் பலா. சீசனில் ஆறு சுளையைக் கொட்டை நீக்கி நீளமாக நறுக்கி, ஒரு கரண்டி நெய்யில் இரண்டு நிமிடம் வதக்கி, ஒரு கரண்டி நாட்டுச் சர்க்கரை தூவி இறக்குங்கள். பண்ருட்டி முந்திரியை உடைத்து வறுத்து அதன் மேல் போட்டால் நடுக்குழி அதற்கென்றே வைத்தது போல நிறையும். வாழைப்பழமும் இதே முறைதான், ஆனால் நன்றாகக் கனிந்த பழம் குழைந்துவிடும், கொஞ்சம் கெட்டியான பழமாக எடுங்கள். பழச்சாறு, பாகு எதையும் தட்டில் பரிமாறும்போது ஊற்றுங்கள். சமையலறையிலேயே ஊற்றிக் கொண்டுவந்தால் மொறுமொறுப்பு வழியிலேயே போய்விடும்.

காரமாகவும் செய்யலாம். சர்க்கரை, வெனிலா, எலுமிச்சைத் துருவலை விட்டுவிட்டு, அரை தேக்கரண்டி மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய ஒரு பச்சை மிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி. வெங்காயம், சீஸ் போன்ற கனமானவற்றை மாவில் கலக்காதீர்கள், எழும்ப விடாது. சுட்டு எடுத்த பிறகு நடுக்குழியில் வையுங்கள்.

மிச்சமிருந்தால் மூடி பிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். மைக்ரோவேவில் சூடாக்கினால் ரப்பராகிவிடும். தவாவில் சின்னத் தீயில் பக்கத்துக்கு ஒரு நிமிடம். சட்டியைச் சூடு ஆறியதும் சோப்புப் போடாமல் நாரால் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெய் ஒரு சொட்டு தடவி வையுங்கள். உப்புக்காற்று அடிக்கும் வீடுகளில் ஈரத்தோடு கவிழ்த்து வைத்த இரும்பு மறுநாளே துருப் பிடிக்கும்.